தாளடி அறுத்துவிட்டுப் பெருமாள் பாருக்கு

குறுவைக்குப் பிறகு இரண்டாம் போகமாக நட்ட தாளடி நெல்லில் கதிர் முற்றி நிற்கும்போதே ஊடே உளுந்தைத் தெளித்துவிடுவது எங்கள் வழக்கம். அறுவடை மிஷின் வந்து போன பிறகு, இருக்கிற ஈரத்திலும் பனியிலும் அது தானே எழுந்துவிடும். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணமும் வங்கிக்கு வந்துவிட்டால், கடைமடையில் இருக்கிற எங்களுக்கு அப்புறம் பெரிய வேலை கிடையாது. மேட்டூரை ஜூன் 12 அன்றே திறந்தாலும் அந்தத் தண்ணீர் எங்கள் வாய்க்காலைத் தொட இன்னும் நாள் பிடிக்கும். இந்த வருஷம் அந்த ஓய்வில், பங்குனி மாதம், நானும் என் மகளும் லட்சத்தீவுக்குப் போய் ஏழு முறை கடலுக்கு அடியில் இறங்கிவிட்டு வந்தோம். ஏழில் இரண்டு, பெருமாள் பாரில்.

எங்களை அழைத்துப் போன டைவிங் குழுவின் பெயரை நான் எழுதவில்லை. ஒரு தவறு நடந்தது, அதை மறைத்துவிட்டு இதை எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. உடனே திருத்திக்கொண்டவர்களைப் பெயர் சொல்லிச் சந்தியில் நிறுத்தவும் மனம் வரவில்லை. கொச்சியில் ஒரு சின்ன ஆபீஸ், அகத்தித் தீவில் ஒரு கொட்டகை, சிலிண்டரில் காற்று நிரப்ப ஒரு கம்ப்ரசர், இரண்டு ஃபைபர் படகு, ஐந்து ஆட்கள். அவ்வளவுதான் அவர்கள்.

பார் என்றால் எங்கள் கரையில் யாருக்கும் விளக்க வேண்டாம். கடலுக்கு அடியில் மேடாக எழும்பி நிற்கிற பாறைத் திட்டைப் பார் என்பார்கள். முத்து எடுத்த இடம் முத்துப் பார். லட்சத்தீவிலும் அதே சொல்தான் புழங்குகிறது: பெருமாள் பார், சுகேலி பார். வரைபடத்தில் அந்தப் பெயரைப் பார்த்த அன்றே எனக்கு அது பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டது.

நான் நாகப்பட்டினம் ஜில்லா, கீழையூர்ப் பக்கம். நீச்சல் கற்றது வெள்ளையாற்றில். 1991ல் தேசியக் கடலியல் நிறுவனத்துக்காரர்கள் பூம்புகாருக்கு எதிரே கடலுக்குள் ஆராய்ச்சி செய்தபோது, 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவத்தில் ஏதோ கட்டுமானம் இருப்பதாகப் பேப்பரில் வந்தது. அப்பா டீக்கடையில் அதைச் சத்தமாகப் படித்தார். எனக்கு அப்போது பத்து வயது. கட்டுமானம் என் மனதில் நிற்கவில்லை. மனிதன் மூச்சுவிட்டுக்கொண்டே அத்தனை ஆழத்தில் நடமாடுகிறான் என்பதுதான் நின்றது.

அப்புறம் 2004 டிசம்பர் 26. நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னால் போதும். என் மனைவி அதற்குப் பிறகு வேளாங்கண்ணிக்குப் போனாலும் மணலோடு நின்றுவிடுவாள், அலையில் கால் நனைக்க மாட்டாள். இப்போது கட்டிய கணவனையும் பெற்ற பெண்ணையும் சேர்த்துக் கடலுக்கு அடியில் அனுப்ப வேண்டும். அவளிடம் சம்மதம் வாங்க நான் சொன்ன ஒரே வார்த்தை: "கடல் சரியில்லைன்னா இறங்க மாட்டோம்." ஆகவே நான் டைவிங் குழுவைத் தேடியது வீடியோ பார்த்து இல்லை. எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி, எத்தனை முறை இறங்காமல் திரும்பியிருக்கிறீர்கள், படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, ஆழத்திலிருந்து ஏறும்போது அழுத்தக் கோளாறு வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவீர்கள் என்று நான்கு இடத்தில் போன் போட்டுக் கேட்டேன். மூன்று இடத்தில் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்றார்கள். இவர்கள் மட்டும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்கள். போன சீசனில் மூன்று நாள் பாதி வழியில் திரும்பினதையும் மறைக்காமல் சொன்னார்கள். அதனால் இவர்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பே புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் என்கிற ஆரம்ப நிலை டைவிங் கோர்ஸை நாங்கள் இருவரும் முடித்திருந்தோம். அந்தச் சான்றிதழுக்கு 18 மீட்டர் வரை இறங்கலாம். எங்கள் ஊர்க் கணக்கில் பத்துப் பாகம். டெல்டாவில் இருப்பவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற இடம் புதுச்சேரிதான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அங்கே தண்ணீர் கலங்கலான நாளில் என் கை விரல் எனக்கே மங்கலாகத்தான் தெரிந்தது.

நம் கடலில் ஏன் பவளம் இல்லை என்று அக்கரைப்பேட்டையில் லாஞ்ச் வைத்திருக்கிற என் பள்ளிக்கூட நண்பனிடம் கேட்டேன். "நம்ம கடல் அடி பூரா சேறு மாப்ள. எறா இருக்கும், நண்டு இருக்கும். பவளம் எதப் புடிச்சுக்கிட்டு வளரும்?" என்றான். மகளைக் கேட்டால் இதையே வேறு மாதிரி சொல்வாள். பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படிக்கிறாள். பவளம் செடி இல்லை, பிராணி. தன் சதைக்குள் ஒரு நுண்பாசியைக் குடிவைத்துக்கொண்டு, அது வெயிலில் சமைக்கிற உணவைத்தான் பெரும்பாலும் தின்கிறது. தண்ணீர் கலங்கினால் வெயில் இறங்காது. வண்டல் படிந்தால் மூச்சு முட்டும். நல்ல தண்ணீர் கலந்து உப்பு குறைந்தாலும் தாங்காது. கொள்ளிடம் வெள்ளமாகக் கடலில் விழுகிற இடத்தில் இந்த மூன்றும் சேர்ந்தே வரும். நமக்கு மூன்று போகம் கொடுத்த வண்டல்தான் பவளத்தை இந்தக் கரையில் அண்டவிடவில்லை. கோடியக்கரையைத் தாண்டித் தெற்கே மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் போனால்தான் பவளம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. நினைத்தபடி அங்கே இறங்க முடியாது. ஆற்று வண்டலே எட்டாத இடம் பார்க்க வேண்டுமானால் லட்சத்தீவுதான்.

சரி, பயணம். நாகப்பட்டினத்தில் சாயங்காலம் காரைக்கால் - எர்ணாகுளம் ரயிலைப் பிடித்தால் காலையில் எர்ணாகுளம். அங்கிருந்து கப்பல். தீவுக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும், அது கையில் இல்லாமல் கப்பலில் ஏற முடியாது. அந்த வேலை முழுவதையும் குழுவே பார்த்துக்கொண்டது. விண்ணப்பித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, ஆகவே கடைசி நேரத்தில் கிளம்பலாம் என்று நினைக்காதீர்கள். விமானத்திலும் அகத்திக்குப் போகலாம். நாங்கள் கப்பலைப் பிடித்ததற்குக் காசு மட்டும் காரணம் இல்லை. பல முறை டைவ் செய்தவர்கள் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது. ரத்தத்தில் கரைந்திருக்கிற நைட்ரஜன் மேலே போனதும் குமிழாகக் கிளம்பும். கப்பலுக்கு அந்தக் கணக்கு இல்லை.

ராத்திரி கப்பல் தளத்தில் நின்றபோது மகள் கேட்டாள். "அப்பா, பெரிய கோயில் கல்வெட்டுல பன்னீராயிரம் தீவுன்னு வருமே, அது இதுதானா?" ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம் என்று வரும். மாலத்தீவு என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள், லட்சத்தீவையும் அதில் சேர்ப்பவர்கள் உண்டு. தஞ்சாவூர் ஜில்லாக்காரன் ஒருவன் ஆயிரம் வருஷம் முன்னால் இதே கடலில், என்ஜின் இல்லாமல், அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

அகத்தி குறுகலான நீளத் தீவு. பெயரைக் கேட்டதும் நமக்குக் கீரை ஞாபகம் வரும். தங்கியது ஒரு வீட்டை ஒட்டிய இரண்டு அறை. சுத்தமாக இருந்தது, மின்விசிறி ஓடியது, குறை ஒன்றும் இல்லை. சாப்பாட்டில் சூரை மீன்தான் மூன்று வேளையும்: குழம்பு, வறுவல், தேங்காயோடு துருவிப் பிசைந்த மாசிக் கருவாடு. நன்றாக இருந்தது. சைவக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், காய்கறி கப்பலில்தான் வருகிறது. அரிசியும் கப்பலில்தான். ஒரு நாற்றுகூட ஊன்ற இடம் இல்லாத ஊரில், இலை நிறையச் சோறு வைத்துவிட்டு "இன்னும் போடட்டா" என்று கேட்கிற மனிதர்களைப் பார்த்தபோது, நெல் விளைவிக்கிறவன் என்ற முறையில் எனக்குத் தொண்டை அடைத்தது.

முதல் இரண்டு நாள் வெளிக்கடலுக்குக் கூட்டிப் போகவே இல்லை. தீவைச் சுற்றிப் பவளத் திட்டு வேலி மாதிரி நிற்கிறது, வேலிக்கு உள்ளே இருக்கிற ஆழமில்லாத அமைதியான தண்ணீரை லகூன் என்கிறார்கள். நம் முத்துப்பேட்டைக் கழியைப் போலத்தான், ஆனால் அடி மணல் எண்ணலாம். அதில் இரண்டு டைவ். காசு கொடுத்து வந்தவனை நாலு மீட்டர் தண்ணீரில் வைத்திருக்கிறார்களே என்று உடன் வந்த பெங்களூர்க்காரர் ஒருவர் முணுமுணுத்தார். எனக்கு அந்த இரண்டு டைவும்தான் இந்தப் பயணத்தின் உயிர் என்று தோன்றுகிறது.

வழிகாட்டி அகத்தித் தீவுக்காரத் தம்பி. வயது முப்பது இருக்கும். தமிழ் அரைகுறை, ஆனால் "அண்ணா, மெதுவா" என்ற இரண்டு சொல்லை மட்டும் அச்சுப் பிசகாமல் சொல்வார். அவர் கொடுத்த வேலை இதுதான்: மணலுக்கு ஒரு முழம் மேலே, குப்புறப் படுத்த வாக்கில், கையை ஆட்டாமல், காலை உதைக்காமல், ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். மூச்சை இழுத்தால் உடம்பு ஒரு சாண் ஏறும், விட்டால் ஒரு சாண் இறங்கும். ஏற்றம் இறக்கம் எல்லாம் நெஞ்சுக்குள்ளேயே நடக்க வேண்டும். முதல் முறை என் கால் துடுப்பு பட்டு மணல் புகையாகக் கிளம்பியது. அந்த வெள்ளைப் புகை மெல்லத் தள்ளிப் போய், பக்கத்தில் இருந்த ஒரு பவளத்தின் மேல் மாவு சலித்தது மாதிரி படிந்ததை என் கண்ணால் பார்த்தேன். தம்பி விரலால் அதைக் காட்டினார், என்னைக் காட்டினார், தலையை ஆட்டினார். நாற்றங்காலுக்குள் மாட்டை விட்டவனைப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. அது நியாயம்தான். அப்புறம் நான் எதையும் தொடவில்லை. கையுறை போட அவர்கள் அனுமதிப்பதில்லை, காரணம் கேட்டதற்கு "கையுறை இருந்தா பிடிப்பாங்க" என்றார். வெயிலுக்குக் கிரீம் பூச வேண்டாம், முழுக்கைச் சட்டை போடுங்கள் என்பதும் அவர்கள் சட்டம். பவளத்தையும் கடல் அட்டையையும் எடுத்து வருவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இவர்கள் கரையில் கிடக்கிற செத்த துண்டைக்கூடப் பையில் போட விடுவதில்லை.

மூன்றாவது, நான்காவது நாள் அகத்தியின் வெளிச் சரிவு. மூன்று டைவ். தண்ணீரின் தெளிவைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். பதினைந்து மீட்டர் கீழே நின்று மேலே பார்த்தால் படகின் அடியில் ஒட்டியிருக்கிற பாசி தெரிகிறது. முதல் வெளி டைவில் என் காற்று 32 நிமிடத்தில் தீர்ந்தது, மகளுக்கு அப்போது பாதி மிச்சம். பத்து மீட்டர் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது, ஆகவே இருபது மீட்டரில் ஒரு மூச்சுக்கு மேலே எடுப்பதைப் போல மூன்று மடங்கு காற்று செலவாகும். பரபரப்பாக மூச்சுவிட்டால் சிலிண்டர் கண்முன்னே இறங்கும். மூன்றாவது டைவில் 44 நிமிடம் இருந்தேன்.

பெருமாள் பார், அகத்திக்கு வடமேற்கே, அவர்கள் படகில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். குடியிருப்பு கிடையாது, மரம் கிடையாது. நாலாபுறமும் கறுநீலத் தண்ணீர், நடுவில் அலை உடைகிற ஒரு வெள்ளைக் கோடு, அதற்குள் வெளிர்பச்சை. எங்களைத் தவிர இன்னொரு படகு கண்ணில் படவில்லை.

முதல் நாள் அங்கே போய்ச் சேர்ந்து, உடை மாட்டி, ஈய பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தம்பி ஒரு கயிற்று நுனியில் மிதவையைக் கட்டித் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். அது கயிற்றை இழுத்துக்கொண்டு பாரை விட்டு வெளியே ஓடியது. தானே மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு குதித்தார், ஐந்து நிமிடத்தில் ஏறி வந்தார். "இன்னைக்கு வேண்டாம் அண்ணா." பெங்களூர்க்காரர் வாதாடினார். இவ்வளவு தூரம் வந்தாச்சு, பத்து நிமிடமாவது என்றார். தம்பி குரலை உயர்த்தவே இல்லை, அதே வார்த்தையைத் திரும்பச் சொல்லிவிட்டு நங்கூரத்தை எடுத்துவிட்டார். என் அக்கரைப்பேட்டை நண்பன் கிளம்பும்போது சொல்லியனுப்பியது இதைத்தான்: "பாருக்கு மேல நீவாடு இழுத்தா எவன் சொன்னாலும் எறங்காத." நீவாடு என்பது நீரோட்டம். இரண்டு மணி நேரம் போய், இரண்டு மணி நேரம் திரும்பி, டீசல் எரித்து, ஒரு டைவும் இல்லை. அன்று ராத்திரி வீட்டுக்குப் போன் போட்டு மனைவியிடம் சொன்னேன். "நல்ல ஆளுங்களாத்தான் தெரியுறாங்க" என்றாள். அவள் வாயிலிருந்து டைவிங் குழுவுக்குக் கிடைத்த மதிப்பெண் அது.

ஒருநாள் விட்டு மறுநாள் காற்று அடங்கியது. மறுபடியும் போனோம்.

அந்த முதல் டைவை என்னால் மறக்க முடியாது. பாரின் மேல்தளம் ஆறேழு மீட்டரில் இருந்தது. முதலில் பார்த்தது அழகு இல்லை. கிளை விட்ட பவளங்கள் உடைந்து, பாசி படர்ந்து, ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள் வேதாரண்யத்துத் தென்னந்தோப்புகள் கிடந்ததை நேரில் பார்த்தவன் நான். அதேதான் இங்கேயும். கடல் சூடாகி லட்சத்தீவில் 1998, 2010, 2016 என்று மூன்று முறை பவளம் வெளுத்தது, 2024ல் மறுபடியும். கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நின்றாலே போதும், உள்ளே குடியிருக்கிற பாசி வெளியேறிவிடும். "வெள்ளையா இருந்தா செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்லப்பா, பட்டினி கிடக்குதுன்னு அர்த்தம். சூடு சீக்கிரம் தணிஞ்சா பொழைச்சுக்கும்" என்று மகள் படகில் சொல்லியிருந்தாள். தணியாத இடம்தான் இது.

ஆனால் அந்தச் சாய்ந்த கிளைகளுக்கு நடுவே அவள் ஒன்றைக் காட்டினாள். உள்ளங்கை அகலத்தில், ஊதா விளிம்போடு, புதுத் தட்டுப் பவளம் ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் கண்ணை இடுக்கிக்கொண்டு தேட ஆரம்பித்தோம். அவள் தன் எழுதுபலகையில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். பத்தடி நீளத்தில் பதினான்கு. நடவு முடிந்த பத்தாம் நாள் வயலில் எத்தனை பயிர் பிடித்திருக்கிறது என்று குனிந்து எண்ணுகிற அதே நிலையில் நான் கடலுக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

சரிவில் இறங்கினால் நிலைமை வேறு. பன்னிரண்டு, பதினான்கு மீட்டருக்குக் கீழே உயிர் நிறைய இருந்தது. வெளிர்நீல உடம்பும் மஞ்சள் முதுகுத் துடுப்புமாக ஒரு மீன் கூட்டம் எங்களைச் சுற்றிப் போனது. துடுப்பின் நுனியில் வெள்ளைப் புள்ளி வைத்த சுறா ஒன்று மணலில் படுத்திருந்தது, எங்களைப் பொருட்படுத்தவில்லை. ஒரு மேட்டுப் பவளம், குதிர் மாதிரி உருண்டையாக, என் உயரத்துக்கும் சற்று மேலே. இந்த வகை வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். மேலே வந்து கணக்குப் போட்டோம்: முக்கொம்பில் ஆர்தர் காட்டன் மேலணை கட்டத் தொடங்கியது 1836ல். அந்த வாக்கில் இது ஒரு கொட்டைப் பாக்கு அளவில் இருந்திருக்கும். 1934ல் மேட்டூர் அணை எழும்பியபோது என் இடுப்புக்கு வந்திருக்கும். நான்கு முறை கடல் கொதித்தும் இது பிழைத்து நிற்கிறது.

அப்புறம் அந்தச் சத்தம். கடலுக்கு அடியில் அமைதியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கேயோ நறநறவென்று யாரோ முறுக்கைக் கடிப்பது போல விடாமல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கிளிமீன். பச்சையும் ரோஜா நிறமுமாக முழங்கை நீளம். கிளி மூக்கு மாதிரியான பல்லால் செத்த பவளத்தைச் சுரண்டி, அதில் இருக்கிற பாசியைத் தின்கிறது. இரண்டடி தள்ளிப் போய் வாலைத் திருப்பியது, பின்னாலிருந்து வெள்ளை மணல் சரம் சரமாகக் கொட்டியது. தீவில் நாங்கள் காலாற நடந்த வெள்ளை மணலில் நிறையப் பங்கு இதன் வயிற்றிலிருந்து வந்ததுதான். எங்கள் வயலில் மண்புழு செய்கிற வேலையை இங்கே இது செய்கிறது. பாசியை இது மேய்ந்து தள்ளினால்தான் அந்த உள்ளங்கைப் பவளத்துக்கு வேர் பிடிக்க இடம் கிடைக்கும். அகத்தியில் மீனவர்கள் தூண்டில் கோல் போட்டுச் சூரையைத்தான் பிடிக்கிறார்கள். கிளிமீன் பெருத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று தம்பி சொன்னார்.

இனி அந்தத் தவறு. அன்றைய இரண்டாவது டைவ், 14 மீட்டர், இறங்கிப் பதினோரு நிமிடம். மகள் ஒரு பெரிய சிப்பியின் நீல உதட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் முகத்தைச் சுற்றிக் குமிழ் பீறிட்டது. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொடுக்கிற ரெகுலேட்டர் அவள் வாயிலிருந்து கழன்று பக்கவாட்டில் தொங்குகிறது, கடிக்கிற ரப்பர் மட்டும் பல்லுக்கிடையில் இருக்கிறது. நான் அவளிடம் போய்ச் சேர மூன்று வினாடி ஆகியிருக்கும். அதற்குள் அவள் ரப்பரைத் துப்பிவிட்டு, நெஞ்சில் மாட்டியிருந்த மஞ்சள் நிற உபரி ரெகுலேட்டரை எடுத்து வாயில் வைத்து, ஒருமுறை ஊதித் தண்ணீரை வெளியேற்றி, மூச்சை இழுத்துவிட்டாள். கண் மட்டும் பெரிதாக இருந்தது. என் மஞ்சளை நான் நீட்டினேன், வேண்டாம் என்று கை காட்டினாள். அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். தம்பி வந்தார், மூவரும் மெதுவாக ஏறினோம், உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றோம். அந்த மூன்று நிமிடம் என் வாழ்க்கையில் நீளமான மூன்று நிமிடம்.

படகில் ஏறி ரெகுலேட்டரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ரப்பரை இறுக்கிக் கட்டுகிற கேபிள் டை இல்லை. அது உட்காருகிற பள்ளம் காலியாக இருந்தது. ஒரு ரூபாய் பெறுமானம் இருக்கும். என் பவர் ஸ்பிரேயரில் ஓஸ் கிளாம்ப் இல்லாமல் நான் வயலில் இறங்க மாட்டேன், இவர்கள் என் பெண்ணை அப்படி இறக்கியிருக்கிறார்கள். கோபமாகத்தான் பேசினேன். தம்பி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. காலையில் அந்த செட்டைச் சரிபார்த்தது தான்தான், சிலிண்டர் அழுத்தத்தையும் மூச்சையும் பார்த்தேன், டையைப் பார்க்காதது என் தப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னார். மூன்றாவதாக ஒரு டைவ் பாக்கி இருந்தது, அதை அவரே நிறுத்திவிட்டார். அன்று சாயங்காலம் கொட்டகையில் எட்டு செட்டையும் தரையில் பரப்பி வைத்து, ஒவ்வொரு டையையும் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். நானும் உட்கார்ந்து நாலைந்து கட்டினேன். ராத்திரி உரிமையாளர் கொச்சியிலிருந்து பேசினார். மன்னிப்புக் கேட்டார், பாதியில் நின்ற டைவுக்கும் நடக்காத டைவுக்குமான பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். ஒரு வாரத்தில் வந்துவிட்டது.

அதற்காக அது சின்னத் தவறு என்று சொல்ல மாட்டேன். புதுச்சேரியில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர், ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டுகிற பயிற்சியை நாற்பது முறையாவது செய்ய வைத்திருப்பார். அலுப்பாக இருந்தது அப்போது. அந்த நாற்பது முறைதான் அன்று என் மகளின் கையை நடத்தியது. சான்றிதழ் இல்லாமல், கையைப் பிடித்துக் கூட்டிப் போகிற டைவ் என்று நேராக இந்த மாதிரி தொலைதூரப் பாருக்குக் கிளம்புகிறவர்களை நான் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம். முதலில் லகூனில் செய்யுங்கள்.

மற்ற சாதனங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சிலிண்டரின் கழுத்தில் சோதனைத் தேதி பொறித்திருக்கும், வீட்டுக் கேஸ் சிலிண்டரில் பார்ப்போமே, அது மாதிரி. எல்லாம் நடப்பில் இருந்தன. காற்றில் எண்ணெய் வாடையோ டீசல் வாடையோ இல்லை. இறங்கும் முன் இரண்டு மூச்சு இழுத்துப் பாருங்கள், வாடை வந்தால் அந்தச் சிலிண்டரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆக்சிஜன் பெட்டியைத் திறந்து முள் எங்கே நிற்கிறது என்று காட்டச் சொன்னேன், காட்டினார்கள், நிரம்பியிருந்தது. ரப்பர் உடைகள் பழசு, என்னுடையது தோளில் கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது. தண்ணீர் அங்கே வெதுவெதுப்புதான், அதனால் பரவாயில்லை. உள்ளவர்கள் சொந்தமாக மாஸ்க் எடுத்துப் போங்கள், அவர்களுடையது என் முகத்துக்குப் பொருந்தவில்லை. சளி பிடித்திருந்தால் போகாதீர்கள், காது அடைத்துக்கொண்டு திறக்காது. ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் எழுதி வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

செலவு: தங்கல், சாப்பாடு, டைவ், படகு, அனுமதிச் சீட்டு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 64,000. ரயிலும் கப்பலும் தனி. இரண்டு பேருக்கும் கூட்டினால் ஏறக்குறைய இரண்டு ஏக்கர் நெல் பணம். அந்தப் பணத்தின் கனம் எனக்குத் தெரியும், யோசித்துத்தான் கொடுத்தேன். ஒரு குறை: கடல் இடம் கொடுக்காமல் திரும்பினால் அந்த நாளுக்குப் பணம் உண்டா இல்லையா என்பதை முன்பணம் வாங்கும்போதே தெளிவாகச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் படகில் வைத்துத்தான் சொன்னார்கள், இல்லை என்று. திரும்பி வந்தது சரிதான், ஆனால் முதலிலேயே சொல்லியிருந்தால் பெங்களூர்க்காரருக்கு வாதாட வேண்டியிருக்காது.

போகிற மாதம் முக்கியம். தென்மேற்குப் பருவக்காற்று கிளம்பிவிட்டால் அந்தக் கடலில் வேலை இல்லை. மே நடுவோடு கடையைக் கட்டிவிடுகிறார்கள், அக்டோபரில்தான் மறுபடி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அக்டோபர் சம்பா நடவு, தை அறுப்பு, மாசியில் தாளடி. ஆகவே பங்குனியும் சித்திரை முதல் பாதியும்தான் நமக்குத் தோது, கடலும் அப்போதுதான் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது உளுந்து காய் பிடித்திருந்தது. மகள் அந்தப் பதினான்கு கோடு போட்ட பலகையைத் துடைக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறாள். அடுத்த வருஷம் அதே பத்தடியில் எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். தம்பியும் அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்ணைக் குறித்து அனுப்பியிருக்கிறார். பங்குனிக்கு இரண்டு இடம் சொல்லிவைத்துவிட்டேன். கேபிள் டை ஒரு பாக்கெட் இந்த முறை நானே எடுத்துப் போகிறேன்.